திண்மக் கட்டிகளின் பரிணாம மாதிரிகளும் வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரமும்

திண்மக் கட்டி என்பது நுரையீரல், மார்பகம், இரைப்பை, வாய், கருப்பைவாய், மூக்கறை முதலிய உறுப்புகளின் திசுவில் செல்கள் கட்டுமீறிப் பெருகித் திரள்வதால் உண்டாவது. குருதியிலும் எலும்பு மச்சையிலும் விரவிக் கிடக்கும் இரத்தப் புற்றுநோய்கள் இவ்வகையில் சேரா. இத்தகைய கட்டி எவ்வாறு தோன்றுகிறது, பல ஆண்டுகள் மறைந்திருந்து பின்னர் ஏன் விரைந்து வளர்கிறது, ஒருமுறை மருந்துக்கு அடங்கியது மறுமுறை ஏன் அடங்குவதில்லை என்னும் வினாக்களுக்கு, டார்வினின் பரிணாமக் கொள்கையைச் செல்களின் கூட்டத்துக்குப் பொருத்தி விடை தேடும் கணித, கணினி வடிவங்களே பரிணாம மாதிரிகள் எனப்படுகின்றன. இவற்றில் ஒவ்வொரு செல்லும் ஓர் உயிரியாகவும், கட்டி அவ்வுயிரிகளின் குடித்தொகையாகவும், சுற்றியுள்ள திசு அவற்றின் வாழிடமாகவும் கொள்ளப்படுகின்றன.

மாதிரிகள் பலவாயினும் அவற்றின் அடித்தளம் ஒன்றே. செல் பிளவுறும்போது மரபுச் செய்தியைப் படியெடுப்பதில் நேரும் பிழைகளும், புகை, கதிர்வீச்சு, வேதிப்பொருள் ஆகியவற்றால் விளையும் சேதங்களும் செல்லுக்குச் செல் வேறுபாட்டை உண்டாக்குகின்றன; பிறழ்வு எனப்படும் இவ்வேறுபாடு சேய்ச் செல்களுக்கு அப்படியே இறங்குகிறது; அவற்றுள் சற்று வேகமாகப் பிளவுறவோ, சாகாமல் தாக்குப்பிடிக்கவோ உதவும் பிறழ்வைப் பெற்ற செல்லின் வழித்தோன்றல்கள் மற்றவற்றைவிட எண்ணிக்கையில் மிகுகின்றன. ஒரே மூதாதைச் செல்லிலிருந்து கிளைத்த இவ்வழித்தோன்றல் கூட்டம் குளோன் எனப்படும். எந்த நன்மையும் தராத பிறழ்வும் தற்செயலாகப் பெருகுவதுண்டு என்பதால், தேர்வுக்கும் தற்செயலுக்கும் உரிய பங்கைப் பிரித்தறிவது இத்துறையின் நெடுநாளைய சிக்கலாக இருந்து வருகிறது.

இக்கொள்கை ஆய்வகத்துக்கு வெளியே எங்கே பொருள்படுகிறது என்பதைக் காண வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத்தைவிடத் தெளிவான களம் தமிழகத்தில் அரிது. பாலாற்றை ஒட்டி இராணிப்பேட்டை, வாலாஜாப்பேட்டை, மேல்விஷாரம் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரையிலும், ஆற்றை விட்டு விலகிப் பேரணாம்பட்டிலும் பரவிய தோல் பதனிடும் தொழில், 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவாயிற்று. நெடுங்காலம் இங்கு ஆவாரம் பட்டை போன்ற தாவரப் பொருள்களைக் கொண்டே தோல் பதனிடப்பட்டது. 1903-இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதனையாகத் தொடங்கி வைத்தபோதிலும், 1970-களில் கச்சாத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்கு மைய அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாக முடித்த தோலை ஊக்குவித்த பிறகே குரோம் பதனீடு வட்டாரமெங்கும் வேரூன்றியது. புற்றுநோயின் காலக்கணக்கைப் பொறுத்தவரை இந்த ஆண்டுகள் முக்கியமானவை. ஏன் என்பது மாதிரிகளின் வரலாற்றைப் பார்த்தால் விளங்கும்.

தொடக்கக் கருத்துகள்

எல்லாச் செல்லும் முன்னொரு செல்லிலிருந்தே பிறக்கிறது என்று ருடால்ப் விர்ச்சோ 1850-களில் நிறுவியதும், புற்றுநோய் வெளியிலிருந்து வந்து குடியேறும் பொருளன்று, உடலின் சொந்தச் செல்லிலிருந்தே கிளைப்பது என்னும் முடிவு தவிர்க்க இயலாததாயிற்று. கடல் முள்ளெலிகளின் கருவை ஆராய்ந்த தியோடர் போவெரி, குரோமோசோம்களின் சமநிலை குலைந்த ஒற்றைச் செல்லே கட்டியின் தோற்றுவாய் என்று 1914-இல் எழுதினார். இவ்விரு கருத்துகளிலும் பரம்பரையும் வேறுபாடும் இருந்தன. தேர்வு இன்னும் இடம்பெறவில்லை.

கணிதம் இத்துறைக்குள் இறப்புக் கணக்கின் வழியாக நுழைந்தது. வயது ஏற ஏறப் புற்றுநோய் மரணம் சீராகக் கூடுவதில்லை, பன்மடங்காகக் கூடுகிறது என்பதைக் கவனித்த கார்ல் நோர்ட்லிங் 1953-இலும், பீட்டர் ஆர்மிட்டேஜும் ரிச்சர்ட் டாலும் 1954-இலும், ஒரே செல்வழியில் ஒன்றன்பின் ஒன்றாக ஆறேழு மாற்றங்கள் நேர்ந்தால்தான் கட்டி தோன்றும் என்று கொண்டால் அவ்வளைகோடு தானே கிடைக்கிறது என்று காட்டினர். பலபடி மாதிரி எனப் பெயர்பெற்ற இது, தொழில்சார் நோய்களைப் புரிந்துகொள்வதில் பெரிய திருப்பத்தை உண்டாக்கியது. முதற்படிகளில் ஒன்றைத் தூண்டும் பொருளை ஒருவர் இளமையில் சுவாசித்திருந்தால், அவர் அவ்வேலையை விட்டு நீங்கிய பின்னும் எஞ்சிய படிகள் தம் போக்கில் நிறைவேறிப் பல பத்தாண்டுகள் கழித்துக் கட்டி வெளிப்படலாம். இறுதிப்படியைத் தூண்டும் பொருளாயின், வேலையை விட்ட சில ஆண்டுகளிலேயே ஆபத்து குறையத் தொடங்கும். 1970-களிலும் 1980-களிலும் பதனிடும் கூடத்தில் நின்ற தொழிலாளியின் நோய்க்கணக்கு இன்றைய மருத்துவமனைப் பதிவேட்டில்தான் வரும் என்பதும், இன்றைய கூடத்தின் தூய்மையை வைத்து இன்றைய நோயாளியின் நோயை அளவிடுவது தவறு என்பதும் இம்மாதிரியின் நேரடி விளைவுகளாகும்.

கண்ணின் விழித்திரையில் குழந்தைகளுக்கு வரும் கட்டியை ஆராய்ந்த ஆல்பிரட் நுட்சன் 1971-இல் இப்படிகளுக்கு உயிரியல் உருவம் தந்தார். ஒரு மரபணுவின் இரு நகல்களும் பழுதானால்தான் கட்டி தோன்றுகிறது. பெற்றோரிடமிருந்து ஒரு பழுதைச் சுமந்து பிறந்த குழந்தைக்கு இன்னும் ஒன்று போதும் என்பதால் நோய் விரைவிலும் இரு கண்களிலும் வருகிறது. பெர்ட் வோகல்ஸ்டைனும் எரிக் பியரனும் 1990-இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு, சிறு முளையிலிருந்து முற்றிய கட்டி வரை எந்தப் பிறழ்வு எந்தக் கட்டத்தில் சேர்கிறது என்னும் வரிசையை வகுத்தனர்.

வளர்ச்சியின் கணிதம்

கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்னும் வினா தனியொரு மரபாக வளர்ந்தது. மனிதரின் இறப்பு விகிதத்துக்காக 1825-இல் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் கண்ட வளைகோடு, விலங்குகளில் வளரும் கட்டிகளின் பருமனுக்கும் பொருந்துவதை அன்னா லெயர்ட் 1964-இல் காட்டினார். தொடக்கத்தில் இரட்டிப்பு விரைவாக நிகழ்ந்து, கட்டி பெருக்கப் பெருக்க அவ்வேகம் தளர்வதே இவ்வளைகோட்டின் இயல்பு. ஒரு செல் 30 முறை இரட்டித்தால் ஏறத்தாழ 100 கோடி செல்கள் சேர்ந்து 1 கிராம் எடையும் 1 சென்டிமீட்டர் அளவும் உள்ள கட்டியாகும். மேலும் 10 இரட்டிப்பில் அது 1 கிலோவை எட்டும். மருத்துவர் கைக்குக் கட்டி தட்டுப்படும் நேரத்தில் அதன் இரட்டிப்புகளில் முக்கால் பங்கு நடந்துவிட்டது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

வேகம் தளர்வதற்கான காரணத்தைத் தாம்லின்சனும் கிரேயும் 1955-இல் மனித நுரையீரல் கட்டிகளின் சீவல்களில் கண்டனர். இரத்தக் குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டர் அளவு தள்ளியுள்ள செல்களுக்கு உயிர்வளி எட்டாமல் அவை மடிகின்றன. கட்டி தனக்கென இரத்தக் குழாய்களை வருவித்துக்கொள்கிறது என்று ஜூடா போக்மன் 1971-இல் முன்வைத்த கருத்து இதன் தொடர்ச்சியாகும். இங்கிருந்துதான் திண்மக் கட்டியின் மாதிரிகள் இரத்தப் புற்றுநோயின் மாதிரிகளிலிருந்து பிரிகின்றன. திண்மக் கட்டியில் செல் எங்கே இருக்கிறது என்பதும் அதன் விதியை முடிவு செய்கிறது; விளிம்பில் உள்ள செல்லுக்கு இடமும் உணவும் உண்டு, நடுவில் உள்ளதற்கு இரண்டும் இல்லை. ராபர்ட் கேட்டன்பியும் எட்வர்ட் காலின்ஸ்கியும் 1996-இல் அமைத்த மாதிரி, கட்டிச் செல்கள் வெளியிடும் அமிலம் அண்டைத் திசுவை அழித்துத் தாம் முன்னேற வழி செய்துகொள்வதைச் சமன்பாடுகளாக எழுதியது. சூழலியலாளர் இரு இனங்களின் போட்டியை விளக்கப் பயன்படுத்தும் சமன்பாடுகளையே அது அடிப்படையாகக் கொண்டது.

குளோன்களின் பரிணாமம்

பரிணாமம் என்னும் சொல்லைக் கட்டியின் வரலாற்றோடு அழுத்தமாக இணைத்தவர் பீட்டர் நோவெல். நாட்பட்ட இரத்தப் புற்றுநோயில் காணும் பிலடெல்பியா குரோமோசோமை 1960-இல் டேவிட் ஹங்கர்போர்டுடன் கண்டறிந்தவர் அவர். கட்டி ஒற்றைச் செல்லில் தொடங்கி, மரபு நிலையற்ற தன்மையால் புதுப்புது வகைகளை ஈன்று, அவற்றுள் தகுந்தவை படிப்படியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு முற்றுகிறது என்று 1976-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றளவும் இத்துறையின் தொடக்கக் கல்லாகக் கருதப்படுகிறது.

ஒரே கட்டியின் பல இடங்களில் மரபுச் செய்தியை முழுமையாகப் படிக்கும் வசதி வந்த பின்னரே நோவெலின் கருத்து நேரடிச் சோதனைக்கு உள்ளாயிற்று. சார்லஸ் ஸ்வாண்டனின் இலண்டன் குழுவினர் 2012-இல் சிறுநீரகக் கட்டிகளைப் பல துண்டுகளாக ஆராய்ந்து, பிறழ்வுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எல்லாத் துண்டுகளுக்கும் பொதுவானவை அல்ல என்று கண்டனர். ஒரு துளி திசுவை ஊசியால் எடுத்துப் பார்த்துவிட்டு முழுக்கட்டியையும் அறிந்ததாகக் கொள்ள முடியாது என்பது இதனால் உறுதியாயிற்று. குளோன்கள் பிரிந்த வரிசையைத் தண்டும் கிளையுமாக வரையும் வம்சமரத்தில், எல்லாவற்றுக்கும் பொதுவான பிறழ்வுகள் தண்டிலும் மற்றவை கிளைகளிலும் அமையும்; தண்டில் உள்ள பிறழ்வைத் தாக்கும் மருந்தே எல்லாச் செல்களையும் எட்டும்.

மறுபுறம், தேர்வின் பங்கை மிகைப்படுத்திவிட்டோமோ என்னும் ஐயமும் வலுத்தது. பெருங்குடல் கட்டிகளை ஆராய்ந்த ஆந்திரியா சோட்டோரிவாவும் கிறிஸ்டினா கர்ட்டிஸும் 2015-இல், பல குளோன்கள் தொடக்கத்திலேயே பிறந்து ஒன்றையொன்று வெல்லாமல் கூடவே வளர்கின்றன என்றனர். அதே ஆண்டு சுங்-ஐ வூவின் குழு, ஒரே கல்லீரல் கட்டியின் ஏறத்தாழ 300 இடங்களில் திசு எடுத்து, அங்குள்ள பன்மையைத் தேர்வு இன்றியே விளக்கலாம் என்று காட்டியது. இவ்விவாதம் முற்றுப்பெறவில்லை என்றாலும், எல்லாக் கட்டிகளுக்கும் ஒரே சட்டம் இல்லை, உறுப்புக்கும் கட்டத்துக்கும் ஏற்பத் தேர்வின் கடுமை மாறுகிறது என்னும் நிலைப்பாடே சான்றுகளோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

இதைவிடவும் வியப்பான செய்தி நலமான திசுவிலிருந்து வந்தது. இனிகோ மார்ட்டின்கொரேனாவும் உடனாய்வாளர்களும் 2015-இல் இமைத் தோலிலும் 2018-இல் உணவுக்குழாயிலும், புற்றுநோய்க்குக் காரணமெனக் கருதப்படும் பிறழ்வுகளைச் சுமந்த குளோன்கள் நோயே இல்லாதவரிடம் நிறைந்து கிடப்பதைக் கண்டனர். எனவே பிறழ்வு மட்டும் கட்டியாகாது. அதற்கு இடங்கொடுக்கும் சூழலும் வேண்டும். காற்று மாசின் நுண்துகள் புதிய பிறழ்வுகளை உண்டாக்குவதைவிட, நுரையீரலில் அழற்சியைத் தூண்டி, முன்பே உறங்கிக் கிடந்த பிறழ்வுச் செல்களை எழுப்புகிறது என்று ஸ்வாண்டன் குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை வலுப்படுத்தியது. துகளும் தூசும் நாள்தோறும் மூச்சில் கலக்கும் தொழில்களுக்கு இதன் பொருள் மிகக் கனமானது.

குரோமியமும் தேர்வும்

தோல் வட்டாரத்தின் கதை இங்கே மாதிரிகளின் கதையோடு நேராகச் சேர்கிறது. பதனிடுவதற்குப் பயன்படும் காரக் குரோமியம் சல்பேட்டில் உள்ளது மூவிணைதிறக் குரோமியம். அதைத் தயாரிக்க மூலப்பொருளாகும் குரோமேட்டு, பைகுரோமேட்டு உப்புகளில் உள்ளது ஆறிணைதிறக் குரோமியம். லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆறிணைதிற வடிவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் தொகுதியிலும், மூவிணைதிற வடிவையும் தோல் பதனிடும் தொழிலையும் வகைப்படுத்த இயலாத மூன்றாம் தொகுதியிலும் வைத்துள்ளது. ஆனால் தோல் தூசு, மூக்கறையிலும் அதைச் சூழ்ந்த எலும்புக் குழிகளிலும் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என அதே முகமை முதல் தொகுதியில் சேர்த்திருக்கிறது. இச்சான்று பதனிடும் தொட்டிகளிலிருந்து வந்ததன்று. செருப்புத் தொழிலிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் நார்த்தாம்டன்ஷயர் காலணித் தொழிலாளரிடம் மூக்குப் புற்றுநோய் மிகுந்திருப்பதை ஏச்சசனும் உடனாய்வாளர்களும் 1970-இல் வெளிப்படுத்தினர். பதனிட்ட தோலின் பரப்பைத் தேய்த்துச் சீராக்கும் பஃபிங் வேலையும், காலணியின் பகுதிகளை வெட்டித் தேய்க்கும் வேலையும் நடக்கும் ஆம்பூரில், தொட்டிக் கழிவுநீரைப் பற்றிப் பேசும் அளவுக்குத் தூசைப் பற்றியும் பேசுவது அவசியம்.

குரோமேட்டின் ஆபத்து பழைய செய்தி. கிளாஸ்கோ மருத்துவர் நியூமன் 1890-இல் குரோம் நிறமித் தொழிலாளி ஒருவரின் மூக்கில் கண்ட கட்டியைப் பதிவு செய்தார். அமெரிக்கக் குரோமேட்டு ஆலைகளில் நுரையீரல் புற்றுநோய் மிகுதியை மாக்லியும் கிரிகோரியஸும் 1948-இல் எண்ணிக்கையால் நிறுவினர். ஆறிணைதிறக் குரோமியம் வடிவத்தில் சல்பேட்டையும் பாஸ்பேட்டையும் ஒத்திருப்பதால், அவ்வுப்புகளுக்கென்று செல்லின் உறையில் உள்ள வாயில்கள் வழியே எளிதில் உள்ளே நுழைகிறது. உள்ளே வைட்டமின் சி முதலியவற்றால் மூவிணைதிறமாகக் குறைக்கப்பட்டு டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்கிறது. வெளியிலேயே மூவிணைதிறமாக இருப்பது உறையைத் தாண்டுவது அரிது என்பதே இரண்டுக்கும் உள்ள பெருவேறுபாடு.

இதற்குமேல் நிகழ்வதுதான் பரிணாம மாதிரிக்கு உரிய பகுதி. டி.என்.ஏ. படியெடுப்பில் பொருந்தாமல் சேர்ந்த இணைகளைக் கண்டு திருத்தும் ஒரு காவல் அமைப்பு ஒவ்வொரு செல்லிலும் உண்டு. பிரவுன் பல்கலைக்கழகத்தில் அனத்தோலி ழித்கோவிச்சின் குழுவினர் 2000-களில் செய்த சோதனைகளில், குரோமியம் ஒட்டிய டி.என்.ஏ.வை அக்காவல் அமைப்பு திருத்த முனையும்போது இழைகள் முறிந்து செல் மடிகிறது என்றும், அவ்வமைப்பை இழந்த செல்களோ பிழைத்துக்கொள்கின்றன என்றும் தெரியவந்தது. கழிவுநீர் பாய்ந்து உவர் ஏறிய பாலாற்றங்கரை நிலத்தில் நெல் கருகி, உப்பைத் தாங்கும் செடி மட்டும் நிலைப்பது போன்ற தேர்வு இது. பிழைத்த செல்களுக்குத் திருத்தும் ஆற்றல் இல்லாததால், அவற்றின் வழித்தோன்றல்களில் பிறழ்வுகள் விரைவாகக் குவிகின்றன. ஜப்பானின் குரோமேட்டுத் தொழிலாளரிடம் தோன்றிய நுரையீரல் கட்டிகளை டோக்குஷிமா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு இதனோடு பொருந்துகிறது: திருத்த அமைப்பு பழுதானதன் அடையாளமான குறுந்தொடர் நிலையின்மை, பிற நுரையீரல் கட்டிகளைவிட இவற்றில் மிகப் பெரும் விகிதத்தில் இருந்தது. குரோமேட்டு பிறழ்வை உண்டாக்கும் நஞ்சு என்பதோடு, பிறழ்வு மிகுக்கும் செல்களைப் பொறுக்கி எடுக்கும் நஞ்சாகவும் இருப்பதே அதன் தனிக்கொடுமை எனலாம்.

இராணிப்பேட்டையில் இக்குரோமேட்டு மூட்டையாகவும் மலையாகவும் இருந்தது. 1970-களில் தொடங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் நிறுவனம் 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது, ஆறிணைதிறக் குரோமியம் கலந்த கழிவு லட்சத்துக்கும் மேற்பட்ட டன் அளவில் வளாகத்திலேயே விடப்பட்டது. நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றது. பதனிடும் தொட்டியில் இட்ட குரோமியத்தில் ஒரு பகுதியைத் தோல் ஏற்காமல் கழிவுநீரில் விடுகிறது. அது பெரும்பாலும் மூவிணைதிறமே என்றாலும், மாங்கனீசு ஆக்சைடு உள்ள மண்ணில் அதன் ஒரு பங்கு ஆறிணைதிறமாக மாற இயலும். முடித்த தோலிலும் இம்மாற்றம் நிகழலாம் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் உடலில் படும் தோல் பொருள்களில் ஆறிணைதிறக் குரோமியத்துக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்னும் வரம்பை விதித்திருக்கிறது. அவ்வரம்பு காலணியை அணியும் ஐரோப்பியரைக் காக்கிறது. அதைச் செய்பவரின் மூச்சுக் காற்றை அது அளப்பதில்லை.

சட்டத்தின் வரலாறு இதற்கு இணையாக ஓடியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் வழங்கிய தீர்ப்பு, தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போனதைப் பதிவு செய்து, மாசுபடுத்தியவரே இழப்பைச் செலுத்த வேண்டும் என்னும் நெறியையும் முன்னெச்சரிக்கை நெறியையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக அறிவித்தது. தீங்கு முழுமையாக நிறுவப்படும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்பதே முன்னெச்சரிக்கை நெறி. காரணத்துக்கும் கட்டிக்கும் இடையே பல பத்தாண்டுகள் கிடக்கலாம் என்று பலபடி மாதிரி கூறுவதை ஏற்றால், புற்றுநோயைப் பொறுத்தவரை இதைத் தவிர வேறு நியாயமான நெறி இருக்க முடியாது. அதே வட்டாரத்தின் மாசு குறித்து 2025 ஜனவரி 30-இலும் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுக்கும் மேற்பார்வைக் குழுவுக்கும் ஆணையிட நேர்ந்தது.

வாயும் கருப்பைவாயும்

தோல் வட்டாரத்தின் எல்லாப் புற்றுநோய்க்கும் தோலே காரணம் என்று கொள்வது பிழை. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பகுதிகள் பீடி சுற்றும் தொழிலுக்கும் பெயர்பெற்றவை. புகையிலையும் பாக்கும் விளைவிக்கும் வாய்ப் புற்றுநோய் தமிழகமெங்கும் உள்ளதே. பரிணாமக் கண்ணோட்டத்துக்கு வாய்ப் புற்றுநோயே முன்னோடி எடுத்துக்காட்டு எனலாம். சுலாட்டர் குழுவினர் 1953-இல், வாயின் கட்டியைச் சுற்றி நலமாகத் தோன்றும் சவ்வும் மாறியிருப்பதைக் கண்டு, கட்டி முளைக்கும் முன்பே ஒரு பரப்பு முழுவதும் புற்றுநோய்க்கு ஏற்றதாகப் பண்பட்டுவிடுகிறது என்று விளக்கினர். கட்டியை அறுத்தெடுத்த பின்னும் அருகிலேயே மற்றொன்று தோன்றுவது இதனால்தான். இந்தியாவில் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட பகுதியில் வரும் புற்றுநோயின் பிறழ்வுகளை, மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும் மும்பை டாட்டா நினைவு மையத்தின் ஆய்வகமும் பன்னாட்டுக் கூட்டமைப்பின் பகுதியாக வரிசைப்படுத்தி 2013-இல் வெளியிட்டன. சென்னை ஐ.ஐ.டி. 2025-இல் இந்திய மார்பகப் புற்றுநோய் நோயாளிகளின் மரபுத் தொகுப்புகளைப் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. ஐரோப்பியக் கட்டிகளை வைத்து அமைத்த மாதிரிகளை இங்குள்ள கட்டிகளின் மீது சோதிக்க இத்தகைய தொகுப்புகளே அடிப்படை.

கட்டியின் பரிணாமத்தை இடையில் மறிக்க முடியும் என்பதற்குத் தமிழகமே தலைசிறந்த சான்றைத் தந்தது. அதுவும் மற்றொரு தோல் நகரமான திண்டுக்கல்லின் மாவட்டத்திலிருந்து. கருப்பைவாயில் மனித பாப்பிலோமா வைரசு தொற்றிய செல்கள் பல ஆண்டுகள் முன்நிலை மாற்றங்களாகவே தங்கியிருந்து, அவற்றுள் சிலவே கட்டியாகின்றன. அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவ மருத்துவ அமைப்பின் துணையுடன் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்து, வெளுத்த இடங்களுக்கு உரிய சிகிச்சையளித்த சோதனையில், நோய் தோன்றுவது 25 விழுக்காடும் அதனால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்ததாக சங்கரநாராயணனும் உடனாய்வாளர்களும் 2007-இல் அறிவித்தனர். கண்ணால் பார்த்தறியும் அம்முறைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

சிகிச்சையில் பரிணாமச் சிந்தனை

மருந்தும் ஒரு தேர்வு அழுத்தமே. கட்டி பெரிதாகும்போது மருந்தைத் தாங்கும் செல் அதில் முன்பே இருப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது என்று ஜேம்ஸ் கோல்டியும் ஆண்ட்ரூ கோல்ட்மனும் 1979-இல் கணக்கிட்டனர். பல மருந்துகளைச் சேர்த்தும் விரைந்தும் தருவதற்கு அது நியாயம் கற்பித்தது. கேட்டன்பி 2009-இல் இதற்கு எதிர்த்திசையில் சிந்தித்தார். முழுவதும் அழிக்க முயன்றால் மருந்துக்கு அடங்கும் செல்கள் மாண்டு, அடங்காதவை போட்டியின்றிப் பெருகும். மாறாக, கட்டி ஓரளவு சுருங்கியதும் மருந்தை நிறுத்தி, அடங்கும் செல்களை மீண்டும் வளரவிட்டால், அவையே அடங்காதவற்றை நெருக்கிக் கட்டுக்குள் வைக்கும். பரவிய முன்னிற்குஞ் சுரப்பி (புராஸ்டேட்) புற்றுநோயில் சிலருக்கு இம்முறையைக் கையாண்டு புளோரிடாவின் மாஃபிட் மையத்தார் 2017-இல் வெளியிட்ட முதற்கட்ட முடிவு, குறைந்த மருந்தில் நோய் நெடுநாள் அடங்கியிருந்ததைக் காட்டியது. நோயாளிகள் மிகச் சிலரே என்பதால் இதை நிலைபெற்ற சிகிச்சையாகக் கொள்ளலாகாது.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை தலை, கழுத்துப் புற்றுநோயில் சோதித்த குறைவளவு வாய்வழி மருந்து முறை இதனின்று வேறானது. அது இடைவிடாமல் சிறு அளவில் தரப்படுவது. எனினும், குணப்படுத்த இயலாத நிலையில் பேரளவு மருந்தே சிறந்தது என்னும் எண்ணத்தை அதுவும் அசைத்தது. மெத்தோட்ரெக்சேட்டும் செலிகாக்சிபும் மாத்திரைகளாகப் பெற்றவர் இடைநிலையாக 7.5 மாதமும், ஊசிவழி சிஸ்பிளாட்டின் பெற்றவர் 6.1 மாதமும் வாழ்ந்தனர் என்று 2020-இல் அது வெளியிட்ட முடிவு, ஊசி மருந்துக்கும் படுக்கைக்கும் செலவழிக்க இயலாத குடும்பங்களுக்குப் பெரிய செய்தியாகும்.

வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய சிறு மருத்துவ நிலையம் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, அவருடைய உடன்பிறந்தார் மகளான ஐடா பி. ஸ்கடரின் பெயரால் புற்றுநோய் மையத்தையும் நடத்துகிறது. தோல் வட்டாரத்தின் நோயாளியோடு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவோரும் அங்கு கூடுவதால், மருத்துவமனையின் எண்ணிக்கையைக் கொண்டு வட்டாரத்தின் நோய்ச்சுமையை மதிப்பிட முடியாது. அதற்கு வாழிடம் சார்ந்த பதிவேடே வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1980-களின் தொடக்கத்தில் அமைத்த தேசியப் பதிவேட்டுத் திட்டத்தில் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் நடத்தும் சென்னைப் பதிவேடு முதற்கட்டத்திலேயே சேர்ந்தது. மாநிலம் தழுவிய பதிவேட்டுப் பணி 2012-இல் தொடங்கியது. அத்தகைய பதிவில் நோயாளியின் தொழில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்தப் பிரிவில் வேலை செய்தார் என்னும் விவரத்தோடு இடம்பெற்றாலன்றி, பலபடி மாதிரியை இவ்வட்டாரத்துக்குப் பொருத்தும் கணக்கு தொடங்கவே முடியாது.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் வீடு தேடிச் சென்று அழைக்கும் புற்றுநோய்க் கண்டறிதல் திட்டத்தைத் தொடங்கியபோது, தோல் வட்டாரத்தின் இரு மாவட்டங்கள் அதில் இடம்பெற்றன. வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்கள் அத்திட்டத்தில் சேர்ந்தன. தோல் தூசு உண்டாக்கும் மூக்கறைப் புற்றுநோயும் குரோமேட்டு உண்டாக்கும் நுரையீரல் புற்றுநோயும் அதில் சேரவில்லை.